ஊர்வலம் முடிந்த மறுநாள்: கூட்டணி கட்டப் புதிதாக வருபவர்களுக்கு

2007 நவம்பரில், 15 நாள் இடைவெளியில், கோலாலம்பூர் சாலைகளில் இரண்டு கூட்டங்கள் இறங்கின. 10-ஆம் தேதி மஞ்சள் சட்டை. தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று தேர்தல் சீர்திருத்த இயக்கமான பெர்சே அழைத்தது. மாமன்னரிடம் மனு கொடுக்க மழையில் அரண்மனை வரை நடந்தார்கள். 25-ஆம் தேதி ஆரஞ்சு. மலேசிய இந்தியர்களின் உரிமை இயக்கமான இண்ட்ராஃப் அழைத்தது, பத்துமலையிலும் ஜாலான் அம்பாங்கிலும் கண்ணீர்ப் புகை, ரசாயனம் கலந்த தண்ணீர், ஓட்டம். மஞ்சளில் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். ஆரஞ்சில் ஏறக்குறைய எல்லாரும் நம்மவர்கள். நான் இரண்டாவதில் இருந்தேன். முதலாவது நடந்ததே எனக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்.

தெருவில் சந்திக்காத அந்த இரண்டு கூட்டமும் 2008 மார்ச் 8 அன்று வாக்குப் பெட்டிக்குள் சந்தித்தன. அப்போது ஆண்ட தேசிய முன்னணிக்கு 222 நாடாளுமன்ற இடங்களில் 140-தான் கிடைத்தது. மூன்றில் இரண்டு பலம் போனது. 5 மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் வென்றன. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார். தடுப்புக் காவலில் இருந்தபடியே இண்ட்ராஃபின் மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். கிள்ளான் பக்கம் கோத்தா ராஜாவில், இந்திய வாக்காளர்கள் மிக அதிகமாக உள்ள தொகுதிகளில் ஒன்றில், இஸ்லாமியக் கட்சியான பாஸின் டாக்டர் சித்தி மரியா வென்றார். என் பெரியம்மா வாழ்நாளில் முதன்முறையாக பாஸின் நிலா சின்னத்துக்கு ஓட்டுப் போட்டதும் அன்றுதான். போட்டுவிட்டு வந்து, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி சாமி விளக்கை ஏற்றினார்.

அதற்கு அடுத்த மாதம் பிறந்த, எதிர்க்கட்சிகளின் பக்காத்தான் ராக்யாட் கூட்டணி 7 வருஷம் தாங்கி, பிறகு உடைந்தது. ஏன் தாங்கியது, ஏன் உடைந்தது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தவற்றை இங்கே வேலைக்கு ஆகிற மாதிரி எழுதியிருக்கிறேன். நீங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கலாம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கலாம், ஒரு கட்சியின் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். வேறொரு கூட்டத்தோடு கை கோக்க முதன்முறையாக நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில்: கூட்டம் வேறு, கூட்டணி வேறு

கூட்டம் “வேண்டாம்” என்ற ஒரு சொல்லில் சேரும். கூட்டணி “அப்புறம் என்ன?” என்ற கேள்வியில் நிற்கும் அல்லது விழும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் செய்யும்போது, முதல் சொல்லுக்கு ஆறு மாதமும் இரண்டாவது கேள்விக்கு ஐந்து நிமிஷமும் ஒதுக்குவார்கள்.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டுக் கைதானார், ரிஃபோர்மாசி என்ற சீர்திருத்த இயக்கம் கிளம்பியது. அந்தச் சூட்டில் 1999-இல் பாஸ், ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி), கெஅடிலான் (பின்னாளில் பி.கே.ஆர்.), மக்கள் கட்சி நான்கும் சேர்ந்து மாற்று முன்னணி அமைத்தன. 2001-இல் ஜ.செ.க. வெளியேறியது. காரணம் இஸ்லாமிய அரசு என்ற கேள்வி. 2008-இல் பக்காத்தான் ராக்யாட். 2015-இல் முடிந்தது. காரணம் ஹுடுட் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டம், அதாவது அதே கேள்வியின் இன்னொரு முகம். 2018 மே 9-இல் பக்காத்தான் ஹராப்பான் ஆட்சியையே பிடித்தது. 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. மகாதீர் பிரதமர், அவருக்குப் பின் அன்வார் என்று பேசி முடித்திருந்தார்கள். எந்தத் தேதியில் என்று எழுதி வைக்கவில்லை. கவிழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, மகாதீரின் பெர்சத்து கட்சி விலகியதும் ஆட்கள் கட்சி தாவியதும் உட்பட. ஆனால் அந்தத் தேதியைப் பற்றிய சண்டை இல்லாமல் அந்த வாரம் அப்படி ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

மூன்று முறையும் உடைத்தது எதிரி அல்ல. முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரு கேள்வி. “இப்போது அதைக் கிளற வேண்டாம், முதலில் ஜெயிப்போம்” என்று தள்ளிப்போட்ட கேள்வி.

இதற்கு நேரெதிரான ஒரு கதையும் இந்த மண்ணில் உண்டு, நம் பிள்ளைகளுக்கு யாரும் அதிகம் சொல்வதில்லை. 1947-இல் மலாய் அமைப்புகள் புத்ரா என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பாகவும், மற்றவர்கள் ஏ.எம்.சி.ஜே.ஏ. என்ற கூட்டமைப்பாகவும் சேர்ந்து, இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. சீனத் தலைவர் தான் செங் லோக் ஒரு பக்கம், மலாய்த் தலைவர் டாக்டர் புர்ஹானுதீன் ஒரு பக்கம். ஜான் திவி தலைமையிலிருந்த ம.இ.கா.வும் அதில் உண்டு. அந்த ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தினார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது கடையடைப்பு அல்ல. அவர்கள் தயாரித்த மக்கள் அரசியலமைப்பு வரைவில், இருப்பதிலேயே கடினமான கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார்கள். எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான தேசியப் பெயர் ‘மெலாயு’. நாட்டின் மொழி மலாய். குடியுரிமை எல்லாருக்கும் சமம். சீனரும் தமிழரும் அந்தப் பெயரை ஏற்பதும், மலாய்க்காரர்கள் அந்தக் குடியுரிமையை ஏற்பதும் சின்ன விஷயமா? எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். பிரிட்டிஷார் கண்டுகொள்ளவில்லை. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு வந்தது, ஜூனில் அவசரகாலம் வந்தது, எல்லாம் கலைந்தது. கலைத்தது வெளியிலிருந்து வந்த அடி. தள்ளிப்போட்ட கேள்வி அல்ல.

அடுத்து: யாரோடு என்று பட்டியல் போடுங்கள்

“மக்களோடு” என்பது பதில் ஆகாது. பெயர் வேண்டும், இடம் வேண்டும். ஒரு தாளில் உங்கள் வட்டாரத்தின் படத்தை வரையுங்கள். கோலாலம்பூரின் செந்தூல் என்றால் கோயில் நிர்வாகம், சுராவ் (சிறிய தொழுகையிடம்) நிர்வாகம், சந்தை வியாபாரிகள், அடுக்குமாடி நிர்வாகக் குழு, பள்ளிப் பெற்றோர் சங்கம், தொழிற்சங்கக் கிளை, காலையில் தை சி ஆடும் சீனப் பாட்டிமார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இவர்களுக்கு இதில் என்ன நஷ்டம், இவர்களிடம் யார் சொன்னால் எடுபடும். இரண்டாவதைப் பெரும்பாலும் தவறாகக் கணிப்போம். நாங்கள் ஒரு முறை தலைவரைப் போய்ப் பார்த்து மூன்று மாதம் வீணாக்கினோம். அந்தச் சங்கத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்தது பொருளாளரின் மனைவி.

ஏற்கெனவே வேலை செய்கிறவர்களையும் பாருங்கள். பினாங்கில் 1977-இல் தொடங்கிய அலிரான் இருக்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கும் முந்தியது. தலைநகர் வட்டாரத்தில் மனித உரிமை அமைப்பான சுவாராம் இருக்கிறது. ஜாலான் மகாராஜாலேலாவில் உள்ள சீனர் அசெம்பிளி மண்டபத்தில் எத்தனையோ இயக்கங்களின் கூட்டம் நடந்திருக்கிறது. நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் பிரச்சினைக்கு அங்கே ஒரு கோப்பு தூசி படிந்து கிடக்கலாம்.

கட்சிகளை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2006-இல் பெர்சே தொடங்கியபோது கட்சிகளும் அதில் இருந்தன. 2010-இல் பெர்சே 2.0 என்று மறுபடி எழுந்தபோது வழிகாட்டுக் குழுவில் கட்சிக்காரர்கள் இல்லை, அரசு சாரா அமைப்புகள் மட்டும்தான். கட்சிகள் ஊர்வலத்துக்கு வரலாம், ஆள் கொண்டு வரலாம், மேசைத் தலைமாட்டில் உட்கார முடியாது. கட்சிக் கூட்டணிகள் இரண்டு மூன்று முறை உடைந்தும் பெர்சே உடையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மரியா சின் அப்துல்லா 2018-இல் தேர்தலில் நிற்க முடிவு செய்தபோது முதலில் பெர்சே தலைவர் பதவியை விட்டார். அதற்குப் பிறகுதான் வேட்பாளர். இந்த ஒரு விதியை உங்கள் சின்னக் குழுவிலும் வையுங்கள். “பதவிக்குப் போகிறவர் நாற்காலியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.” போகிறவருக்கும் மரியாதை, இருப்பவர்களுக்கும் நிம்மதி.

கோரிக்கை: விரலில் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும்

2011 ஜூலை 9 பேரணிக்கு பெர்சே 8 கோரிக்கைகள் வைத்தது. அதில் என் மனத்துக்குப் பிடித்தது அழியாத மை. “சனநாயகத்தைக் காப்பாற்று” என்பதை எப்படிச் சரிபார்ப்பது? மையைச் சரிபார்க்கலாம், விரலை நீட்டினால் போதும். மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நமக்கும் விரல் ஒன்றுதான். 2008 தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது மையைக் கைவிட்டார்கள். 2013-இல்தான் பொதுத் தேர்தலில் முதன்முறையாக வந்தது. அதுவும் கழுவினால் போகிறது என்று ஏகப்பட்ட புகார். ஆக, கோரிக்கை கிடைத்தாலும் வேலை முடிவதில்லை, மையின் தரத்தைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

இண்ட்ராஃப் வேறு வகை. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்டதற்காக பிரிட்டிஷ் அரசின் மேல் 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் வழக்கு. அந்தத் தொகை கிடைக்கும் என்று என்னோடு நடந்த யாரும் நம்பவில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் பிறந்தவனின் வலிக்கு ஒரு கணக்கு எழுதியது அது. அதனால்தான் அத்தனை பேர் வந்தோம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டு மலாய்க்காரரோ சீனரோ அந்தக் கோரிக்கையின் கீழ் நிற்க இடம் இல்லை. ஆளைத் திரட்டும் கோரிக்கை ஒன்று, ஆளைச் சேர்க்கும் கோரிக்கை இன்னொன்று. இரண்டும் வேண்டும், இரண்டையும் குழப்பக் கூடாது.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஒரு முறை தேடிப் படியுங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு. அதோடு இன்னொன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது. சைக்கிளைப் பற்றிய அந்தக் கோரிக்கையை எழுதியவருக்குக் கோரிக்கை எழுதத் தெரிந்திருக்கிறது.

கருத்து வேறுபாட்டுப் பக்கம்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: எதில் ஒத்துப்போக மாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எப்படி இது எனக்குத் தெரிய வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள திடலில் உயர்மாடிக் கட்டடம் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. பெரிய திடல் இல்லை. ஒரு பக்கம் கோல்போஸ்ட், கம்பி துருப்பிடித்தது. இன்னொரு பக்கம் மாலையில் சாத்தே விற்கும் வண்டி. கோயில்காரர்கள், சுராவ்காரர்கள், அங்காடி வியாபாரிகள் மூன்று கூட்டமும் சேர்ந்தோம். பதாகை கட்டினோம், மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம், ஆயிரத்துக்கும் மேல் கையெழுத்து. “திடலைத் தொடாதே” என்பதில் எல்லாரும் ஒரே குரல். சுராவ் தரப்பில் வந்தவர் ஒரு மக்சிக் (மலாய் அம்மா), அறுபது வயதிருக்கும், நாசி லெமாக் பொட்டலம் விற்பவர். மூன்றாவது கூட்டத்திலேயே அவர் கேட்டார்: “தம்பி, அவன் காசு கொடுக்கிறேன் என்று வந்தால் என்ன சொல்வோம்?” எல்லாரும் சிரித்தோம். நான்தான் சொன்னேன், “அது வரும்போது பார்க்கலாம் மக்சிக்.” அவர் ஒன்றும் பேசாமல் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கினார்.

வந்தது. எல்லாரிடமும் வரவில்லை, ஒரு தரப்பிடம் மட்டும், ஒரு புது மண்டபம் கட்டித் தருகிறோம் என்ற பேச்சாக வந்தது. எந்தத் தரப்பு என்று சொல்ல மாட்டேன். நம்முடையது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் வாட்ஸ்அப் குழு மூன்றாகப் பிரிந்தது. வாங்கியது துரோகமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் வாங்கக் கூடாது என்று நாங்கள் எங்கேயும் பேசி வைக்கவில்லை.

சரி, அந்தப் பக்கத்தை எழுதுவது எப்படி? நான்காவது அல்லது ஐந்தாவது சந்திப்பில் எழுதுங்கள். முதல் சந்திப்பில் எழுதினால் பயந்து ஓடிவிடுவார்கள். ஊர்வலத்துக்கு முந்திய வாரம் எழுதினால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒவ்வொரு தரப்பும் தனியாகப் போய் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வரட்டும்: “எது நடந்தால் நாங்கள் இந்தக் கூட்டணியில் இருக்க முடியாது?” பதில்களை மேசையில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள். இப்போதே முடிவு செய்யக் கூடியவை ஒரு பக்கம். முடிவு செய்ய முடியாதவை இன்னொரு பக்கம்; அவற்றில் யாரும் கூட்டணிப் பெயரில் பேசக் கூடாது, தன் பெயரில் பேசலாம். மூன்றாவது, காலக்கெடு வைத்துத் திரும்பப் பேச வேண்டியவை. அதில் தேதி கட்டாயம். “பிறகு”, “உரிய நேரத்தில்”, “நிலைமையைப் பொறுத்து” ஆகிய மூன்று சொல்லையும் அந்தத் தாளில் அனுமதிக்காதீர்கள். ஒரு நாட்டின் அரசாங்கத்தையே அந்த மாதிரிச் சொற்கள் என்ன செய்தன என்று மேலே பார்த்தோம்.

காசு, பதவி இரண்டைப் பற்றியும் அந்தத் தாளில் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். யாரிடம் வந்தாலும் எத்தனை நாளுக்குள் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது உட்பட.

இப்படி ஒரு தாளைக் கேட்டால் உங்களை முட்டுக்கட்டை என்பார்கள். திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் ஊர் கூடித் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் இரண்டு பேர்தான். முக்கில் தேர் திரும்புவதும் இறக்கத்தில் நிற்பதும் அவர்கள் கையில். (தேர் என்றதும் ஞாபகம் வருகிறது. பினாங்கில் 2017 முதல் தைப்பூசத்துக்கு வெள்ளித்தேரோடு தங்கத்தேரும் போகிறது. ஒரே முருகனுக்கு இரண்டு தேர் எப்படி வந்தது என்று பினாங்கு நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டணி பற்றி ஒரு முழு இரவு பாடம் கிடைக்கும்.)

விட்டுக் கொடுப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்

2018 தேர்தலுக்கு முன் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்குப் பதிவு கிடைக்கவில்லை. அதனால் பொதுச் சின்னம் இல்லை. தீபகற்பத்தில் ஜ.செ.க. தன் ராக்கெட்டை வைத்துவிட்டு பி.கே.ஆர். சின்னத்தில் நின்றது. பத்துத் தேர்தலுக்கு மேல் சுமந்த சின்னம். எத்தனை கூட்டறிக்கை விட்டாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு முடிவில் வந்தது.

உங்கள் அளவில் இது பதாகையில் யார் பெயர் மேலே, மைக் யார் கையில், படத்தில் யார் நடுவில் என்பதுதான். சிரிக்காதீர்கள். நான் பார்த்த பாதி மனத்தாங்கல் அங்கிருந்து கிளம்பியதுதான். தலைமையைச் சுற்றில் விடுங்கள். பெரிய அமைப்பு முதல் சுற்றில் தலைமை எடுக்க வேண்டாம்.

கூட்டம் நடத்துகிற கலை

சலிப்பான பகுதி. பெரும்பாலான கூட்டணிகள் செத்துப்போவதும் இங்கேதான்.

நேரம்: மஃரிப் தொழுகைக்கும் ஈஷாவுக்கும் இடையில் வைக்காதீர்கள். வெள்ளி மதியம் வேண்டாம். வெள்ளி மாலை நம்மவர்கள் கோயிலுக்குப் போவார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரம் வியாபாரிகள் யாரும் வர மாட்டார்கள். செவ்வாய் இரவு 9 மணி எங்களுக்கு ஒத்துவந்தது.

இடம்: ஒரே மண்டபத்தில் தொடர்ந்து வைத்தால் மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள். கோயில் மண்டபத்துக்கு வரத் தயங்குபவர்கள் உண்டு, சுராவ் வளாகத்துக்கு வரத் தயங்குபவர்களும் உண்டு. அதனால்தான் மாமாக் (இந்திய முஸ்லிம் உணவுக்) கடை நம் நாட்டின் உண்மையான நாடாளுமன்றம். ஹலால், சைவம் இரண்டுக்கும் வழி உண்டு. ஒரு தே தாரிக்கில் மூன்று மணி நேரம் உட்காரலாம்.

மொழி: நாங்கள் முதலில் ஆங்கிலத்தில் நடத்தினோம், பொது மொழி என்று நினைத்து. அந்த மக்சிக்கும், மீன் விற்கும் சீன அங்கிளும், எங்கள் கோயில் பொருளாளரும் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. மலாய்க்கு மாறிய இரவில்தான் பொருளாளர் சந்தை மலாயில் ஒரு போடு போட்டார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் ஒரு குழு ஆனோம் என்று நினைக்கிறேன். முடிவுகளை மட்டும் தமிழிலும் சீனத்திலும் மொழிபெயர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது, படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் போய்ச் சேரும்.

பணம்: இரண்டு கையெழுத்து, இரண்டும் வெவ்வேறு தரப்பு. 20 வெள்ளி (ரிங்கிட்) என்றாலும் ரசீது. குழுவைப் பதிவு செய்வதென்றால் 1966 சங்கச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். சங்கப் பதிவிலாகா காகிதம் கேட்டே களைக்க வைக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

தெருவில் இறங்கும் நாள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத்தான் எல்லாரும் நன்றாகத் தயாராகிறார்கள். அமைதிப் பேரணிச் சட்டம் 2012 முதல் நடப்பில் உள்ளது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 நாளுக்கு முன் காவல் மாவட்டத் தலைவருக்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும். தெரு ஊர்வலத்துக்கு இருந்த தடையும் அப்போதுதான் போனது. அறிவிப்புக் கொடுக்காததற்காகக் குற்றம் சாட்டித் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கூட்டி வரக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களிலிருந்து 50 மீட்டருக்குள் வேண்டாம். முக்கியமாக ஒன்று: இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலும் முடிதிருத்தகத்திலும் வேலை செய்ய வந்த தம்பிகள் ஆர்வத்தில் கூட வருவார்கள். அவர்களைக் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு இரவு லாக்கப், அவர்களுக்கு வேலை அனுமதியே போகும்.

வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போன் பறிபோகலாம்.

திங்கட்கிழமை

ஊர்வலத்துக்கு வந்தவர்களில் நூற்றில் ஐந்து பேராவது “அடுத்து என்ன செய்யட்டும்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள். பெர்சே இதைப் புரிந்துகொண்டது. 2013 தேர்தலில் பெமந்தாவ் என்ற பெயரில் தேர்தல் பார்வையாளர்களாக ஆட்களை அனுப்பியது. தெருவில் கண்ணீர்ப் புகை குடித்தவர்கள் தேர்தலைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் குழுவில் மனு நகல் எடுப்பது, மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுப்பது, 18 வயது ஆன பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் சரியான முகவரியில் இருக்கிறதா என்று பார்ப்பது, இப்படி ஐந்தாறு வேலையாவது பட்டியலில் தயாராக இருக்கட்டும். 2021 டிசம்பர் முதல் பெயர் தானாக ஏறிவிடுகிறது. ஆனால் அடையாள அட்டையில் தாத்தா வீட்டு முகவரி இருந்தால் ஓட்டு தாத்தா ஊரில்தான்.

அரசாங்கம் கதவைத் தட்டினால்

இரண்டு உதாரணம். 2013 ஏப்ரல் 18 அன்று, தேர்தலுக்குச் சில வாரம் முன், வேதமூர்த்தி தலைமையிலான இண்ட்ராஃப் தேசிய முன்னணியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அவர் துணையமைச்சர் ஆனார். 2014 பிப்ரவரியில் விலகினார். ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்பது அவர் காரணம். அதற்குள் இண்ட்ராஃப் ஏற்கெனவே பல துண்டாகிவிட்டது, எந்தத் துண்டும் அடுத்ததைக் கேட்கவில்லை. 2021 செப்டம்பர் 13 அன்று, எதிர்க்கட்சியாக இருந்த பக்காத்தான் ஹராப்பான் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. யாரும் அமைச்சர் ஆகவில்லை. ஆனால் கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம், 18 வயது வாக்குரிமை என்று வரிவரியாக இருந்தது, கண்காணிக்கக் குழு இருந்தது. இரண்டும் அடுத்த ஆண்டுக்குள் நடப்புக்கு வந்தன.

உங்களுக்கு அழைப்பு வந்தால் பாருங்கள்: கிடைப்பது நாற்காலியா, எழுத்தில் உள்ள வாக்குறுதியா? எழுத்தில் உள்ள வாக்குறுதி என்றால் உட்காருங்கள்.

நண்பர்களே ஆட்சிக்கு வந்துவிட்டால் இது இன்னும் சிக்கல். பினாங்கு குளுகோரில் கம்போங் புவா பாலா, தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம். நிலம் கைமாறியது முந்தைய ஆட்சியில். 2009-இல் வீடுகள் இடிபட்டபோது மாநிலத்தில் இருந்தது நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி. கட்டுப்படுத்தச் சட்டத்தில் வழி இருந்ததா இல்லையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அன்றைக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எத்தனையோ பேர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். நம் ஆட்கள் தப்பு செய்தால் என்ன செய்வோம் என்பதும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

போன வருஷக் கடைசியில் எங்கள் பகுதியில் வேறொரு பிரச்சினை, இந்த முறை வடிகால். திடலில் கட்டடம் எழும்பிவிட்டது, தண்ணீர் போக வழியில்லை, மழை பெய்தால் கீழ்த்தளக் கடைகளில் முழங்கால் ஆழம். மறுபடி கூட வேண்டியதாயிற்று. மக்சிக் வந்தார், கூடையோடு. யாரும் பேச ஆரம்பிப்பதற்குள் நாசி லெமாக் சுற்றும் பழுப்புத் தாளில் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“எழுது தம்பி. காசு வந்தால்.”

எழுதினேன். யாரிடம் வந்தாலும் மூன்று நாளுக்குள் எல்லாரிடமும் சொல்ல வேண்டும், சொல்லும் வரை யாரும் பதில் தரக் கூடாது. கோயில் பொருளாளர் அதைப் படித்துவிட்டு ஏழு நாள் வேண்டும் என்றார். அதற்கே அன்றைய இரவு முழுக்கச் சண்டை.